நாலைந்து பேர் ஆடும் சண்டைக் கார்ட் ஆட்டம்: யார் யாரை அடிக்கலாம்?

சிப்புட்காரி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட். தோட்டத்து லய வீடுகளை விட்டு வந்த குடும்பங்கள்தான் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) அதிகம். ஞாயிறு மாலை டியூஷன் முடிந்ததும் ஏழெட்டுப் பிள்ளைகள் எங்கள் வீட்டு போர்ச்சிலேயே உட்கார்ந்து ஊனோ ஆடுவார்கள். போன பள்ளி விடுமுறையில், "அக்கா, சண்டை போடுற மாதிரி ஒரு கார்ட் ஆட்டம் நாமளே செய்வோம்" என்றார்கள். மணிலா அட்டை வாங்கி வெட்டி, மார்க்கர் பேனாவில் எழுதி, ஒன்றரை நாளில் 60 அட்டை செய்துவிட்டோம்.

விதி இதுதான். ஆளுக்கு 20 உயிர். உன் முறை வந்தால் ஓர் அட்டை எடு, ஓர் அட்டை போடு. அடி அட்டைகள் 3, 5, 8 என்று மூன்று வகை. தடுப்பு உண்டு, 4 உயிர் ஏற்றும் மருந்து உண்டு. யாரை வேண்டுமானாலும் அடிக்கலாம். கடைசிவரை நிற்பவர் வெற்றி.

ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு பையன் இரண்டாவது சுற்றிலேயே விழுந்துவிட்டான். அவனுடைய அண்ணனும் அண்ணனின் கூட்டாளியும் சேர்ந்து அடித்தார்கள், அவனிடம் தடுப்பு இல்லை. மற்ற நாலு பேரும் இன்னும் ஐம்பது நிமிடம் ஆடினார்கள். அவன் எழுந்து போகவில்லை. கழித்துப் போட்ட அட்டைகளை எடுத்துத் தரையில் எண் வாரியாக அடுக்கினான், கலைத்தான், மறுபடி அடுக்கினான். ஆட்டம் முடிந்ததும், "அடுத்ததுல நான் இருக்கேன்தானே?" என்று கேட்டான். அதற்குள் இருட்டிவிட்டது, வீடுகளிலிருந்து கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

அதற்காகத்தான் எழுதுகிறேன். ஒருவரும் வெளியே உட்காரக் கூடாது, இரண்டு பேர் சேர்ந்து ஒருவரை அமுக்கக் கூடாது, அரை மணிக்குள் முடிய வேண்டும். இதற்கு அடிப்படை விதியை எப்படி அமைப்பது?

கிள்ளான் ஆட்டக்காரன்

சிப்புட்காரி, நீங்கள் எழுதிய விதி இரண்டு பேருக்கு நன்றாக ஓடும். மூன்றாவது ஆள் உட்கார்ந்ததும் அதே விதி வேறு ஆட்டமாகிவிடும்.

இரண்டு பேர் ஆடும்போது எதிராளிக்குப் போகும் ஒவ்வோர் உயிரும் எனக்கு லாபம். மூன்று பேர் ஆடும்போது நான் உங்களை அடித்தால் என் அட்டை செலவாகிறது, உங்கள் உயிர் குறைகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் மூன்றாமவருக்குத்தான் இரண்டும் லாபம். ஆக, அடிக்காமல் பதுங்கியிருப்பதே புத்திசாலித்தனம் என்று உங்கள் விதியே சொல்லிக்கொடுக்கிறது. பெரிய பிள்ளைகள் அதைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். ஐம்பது நிமிடம் இழுத்ததற்கு அதுதான் காரணமாக இருக்கும், மருந்து அட்டை அதை இன்னும் நீட்டியிருக்கும். மருந்தை முதலில் எடுத்துவிடுங்கள்.

"யார் யாரை அடிக்கலாம்" என்பதற்கு மற்ற ஆட்டங்கள் பல வழி கண்டிருக்கின்றன. 2002இல் வந்த "பேங்!" என்ற இத்தாலியக் கார்ட் ஆட்டத்தில், மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் இடமே தூரம். பக்கத்தில் இருப்பவர் தூரம் 1, அதற்கடுத்தவர் 2. கையில் நல்ல துப்பாக்கி வரும்வரை பக்கத்து ஆளைத்தான் சுட முடியும். மேஜிக் கார்ட் ஆட்டத்தை 1993இல் உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட் 2011இல் கிங் ஆஃப் டோக்கியோ என்ற ஆட்டத்தைச் செய்தார். அதில் நடுவில் ஓர் இடம். அங்கே நிற்பவர் அடித்தால் வெளியே இருக்கும் எல்லாருக்கும் விழும், வெளியே இருப்பவர்கள் அடித்தால் நடுவில் நிற்பவருக்கு மட்டும் விழும். "யாரை அடிக்கட்டும்" என்ற கேள்வியே எழாது, அதனால் அண்ணன் தம்பி வன்மமும் ஆட்டத்துக்குள் வராது.

ஆனால் இந்த இரண்டிலும் உயிர் போனவர் வெளியேறத்தான் வேண்டும். உங்கள் பையனின் பிரச்சினைக்கு அங்கே பதில் இல்லை.

கித்தாக்கொட்டை

தங்கச்சி, நான் பிறந்தது கோலகங்சார் பக்கம் கித்தா தோட்டத்துல, அதான் ரப்பர் தோட்டம். எங்க காலத்துல கார்டுக்கெல்லாம் காசு ஏது. வெயில் காலத்துல கித்தாக் காய் பட்டு பட்டுன்னு வெடிச்சுக் கொட்டை சிதறும். பொறுக்கிட்டு வந்து சண்டை விடுவோம். ஒரு கொட்டைக்கு மேல இன்னொண்ணை வச்சு உள்ளங்கையால ஓங்கி ஒரு குத்து. எது உடையுதோ அந்த ஆளு தோத்தான். உடையாத கொட்டையை ஒரு வாரம் சட்டைப் பையிலயே வச்சுக்கிட்டுத் திரிவோம்.

உயிரைப் பேப்பர்ல எழுதி எழுதி அடிக்காதம்மா. பிள்ளைங்க கணக்குத் தப்பும், அதுலயே சண்டை வரும். ஆளுக்கு இத்தனைன்னு கொட்டையைக் குடுத்துடு. அடிச்சா எதிராளி கொட்டையை இவன் எடுத்துக்கட்டும். பல்லாங்குழி மாதிரி கண்ணால பார்த்தாலே யாரு முன்னாலன்னு தெரியணும்.

கிள்ளான் ஆட்டக்காரன்

ஐயா, நான் மேலே நீளமாக எழுதியதற்கு நீங்கள் பதிலே சொல்லிவிட்டீர்கள். அடித்தவர் கொட்டையை எடுத்துக்கொள்கிறார் என்றால் அடி வீண் செலவில்லை, வரவு. பதுங்கியிருப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது.

இன்னொரு படியும் போகலாம். முதல் ஆள் விழுந்த உடனே ஆட்டம் முடியட்டும். அப்போது கையில் இருப்பதையும் பிடித்ததையும் சேர்த்து எண்ணுவோம், அதிகம் உள்ளவர் வெற்றி. யாரும் வெளியே உட்கார வேண்டியதில்லை. விழுந்தவர் தன்னுடையதையெல்லாம் இழந்தாலும் அதைவிட அதிகம் பிடித்திருந்தால் அவரே ஜெயிக்கலாம்.

கணக்கு டீச்சர்

நான் சுங்கைப் பட்டாணியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். அடிப்படைச் சண்டையை எண்களால் அமைக்காதீர்கள். 8 கையில் இருந்தால் 8ஐப் போடுவார்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. நம் பிள்ளைகள் எல்லாருக்கும் கையால் காட்டி ஆடும் ஒன் டூ சோம் தெரியும். பறவை தண்ணீரைக் குடிக்கும், தண்ணீர் கல்லை மூழ்கடிக்கும், கல் பறவையை வீழ்த்தும். அந்த முக்கோணமே போதும்: அடி, தடுப்பு, பிடி. அடி பிடியை வெல்லும் (பிடிக்க வருபவன் அடி வாங்குவான்). பிடி தடுப்பை வெல்லும் (கையை மறைத்து நிற்பவனை அப்படியே கட்டிப் பிடிக்கலாம்). தடுப்பு அடியை வெல்லும்.

எல்லாரும் ஒரே நேரத்தில் கவிழ்த்து வைத்து ஒன்றாகத் திருப்ப வேண்டும். முறை வைத்து ஆடும்போது ஐந்து பேரில் ஒருவர் ஆட நான்கு பேர் காத்திருக்கிறார்கள். ஒன்றாகத் திருப்பினால் மூன்று பேர் ஆடினாலும் ஆறு பேர் ஆடினாலும் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய அதே நேரம்தான்.

சிப்புட்காரி

டீச்சர், ஒன் டூ சோம் என்றதும் பிள்ளைகள் குதித்தார்கள்! ஆனால் ஒரே இடத்தில் சிக்கிக்கொண்டேன். நாலு பேர் ஒன்றாகத் திருப்பினால் யாருடைய அட்டை யாருடைய அட்டையோடு மோதும்? ஒருவர் அடி, ஒருவர் பிடி, இரண்டு பேர் தடுப்பு என்று வந்தால் என்ன செய்வது?

நாலாம் டிவிஷன்

ரெண்டு கார்டு வைங்க. இடது பக்கத்து ஆளுக்கும் உங்களுக்கும் நடுவுல ஒண்ணு, வலது பக்கத்து ஆளுக்கும் உங்களுக்கும் நடுவுல ஒண்ணு. எல்லாரும் வச்சதும் திருப்புங்க. ஒவ்வொரு இடைவெளியிலயும் சரியா ரெண்டு கார்டு இருக்கும், அது தனிச் சண்டை. நாலு பேர்னா நாலு சண்டை, ஆறு பேர்னா ஆறு சண்டை.

நாங்க பஸ்ல போறப்ப ரெண்டு கையாலயும் ஒன் டூ சோம் போடுவோம், அதே மாதிரிதான்.

சிப்புட்காரி

இதைப் படித்ததும் சமையலறையில் இருந்த அம்மா, தங்கை, பக்கத்து வீட்டுப் பெண் மூவரையும் உட்கார வைத்து ஊனோ அட்டைகளிலேயே ஆடிப் பார்த்தேன். சிவப்பு அடி, நீலம் தடுப்பு, மஞ்சள் பிடி. இரண்டு பேர் சேர்ந்து ஒருவரை அமுக்கும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. என் இடப்பக்கத்து ஆளும் வலப்பக்கத்து ஆளும் என்னை அடிக்கலாம்தான், ஆனால் அவர்கள் ஒவ்வொருவருக்கும் முதுகுப் பக்கம் இன்னொருவர் இருக்கிறார். அம்மா மூன்றாவது சுற்றிலேயே என் முகத்தைப் பார்த்துத் தடுப்பா பிடியா என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

எதற்கு எத்தனை கொட்டை? பையன்களுக்கு அடிதான் பிடிக்கும், அதனால் அடி ஜெயித்தால் 3, பிடிக்கு 2, தடுப்புக்கு 1 என்று வைக்கிறேன்.

கணக்கு டீச்சர்

கொஞ்சம் நில்லுங்கள். அப்படி வைத்தால் நீங்கள் நினைப்பதற்கு நேர்மாறாக நடக்கும்.

நன்றாக ஆடத் தெரிந்த இருவர் மோதினால், ஒவ்வோர் அட்டையையும் எவ்வளவு அடிக்கடி போடுவார்கள் என்பதைத் தீர்மானிப்பது அந்த அட்டை சம்பந்தப்படாத மோதலின் பரிசு. தடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தடுப்பு இல்லாத மோதல் அடிக்கும் பிடிக்கும் நடப்பது, அதன் பரிசு 3. அடி இல்லாத மோதல் பிடிக்கும் தடுப்புக்கும், பரிசு 2. பிடி இல்லாத மோதல் தடுப்புக்கும் அடிக்கும், பரிசு 1. ஆகவே ஆறு முறை ஆடினால் தடுப்பு மூன்று முறை, அடி இரண்டு முறை, பிடி ஒரு முறை வரும். அடிக்குப் பெரிய பரிசு கொடுத்து, எல்லாரையும் தடுத்துக்கொண்டு உட்கார வைத்துவிட்டீர்கள்.

சரிபார்ப்போம். எதிராளி இந்த அளவில் ஆடும்போது நான் அடி போட்டால் ஆறில் ஒரு முறை பிடியை வென்று 3 வரும், ஆறில் மூன்று முறை தடுப்பிடம் தோற்று 1 வீதம் 3 போகும். மிச்சம் பூஜ்யம். மற்ற இரண்டையும் இப்படியே போட்டுப் பாருங்கள், அவையும் பூஜ்யம்தான். எதைப் போட்டாலும் ஒன்றுதான் என்ற நிலைக்கு எதிராளியைக் கொண்டுவருவதே சமநிலை.

அடி அதிகம் வேண்டுமென்றால் பிடி ஜெயித்தால் 3, அடி ஜெயித்தால் 2, தடுப்பு ஜெயித்தால் 1 என்று வையுங்கள். இப்போது ஆறில் மூன்று அடி, இரண்டு தடுப்பு, ஒரு பிடி. 60 அட்டையையும் அதே அளவில் பிரியுங்கள்: 30 அடி, 20 தடுப்பு, 10 பிடி. பிடி அரிது, விழுந்தால் வலிக்கும். அடிக்கு அடி வந்தால் இருவரும் மற்றவரிடமிருந்து ஒரு கொட்டை எடுக்கட்டும். தடுப்புக்குத் தடுப்பு, பிடிக்குப் பிடி வந்தால் ஒன்றுமில்லை.

கையில் எந்த அட்டை வருகிறது என்பதைப் பொறுத்து இது கொஞ்சம் முன்னே பின்னே போகும். ஆனால் ஆரம்பிக்க நல்ல இடம். இந்த அளவில் ஒரு சுற்றுக்கு ஆளுக்குச் சராசரி ஒன்றரைக் கொட்டை போகும். 12 கொட்டையோடு தொடங்கினால் எட்டுச் சுற்று தாங்கும், அதற்கு முன்பே யாராவது விழுவார்கள். கால் மணிக்குள் ஓர் ஆட்டம் முடிந்துவிடும்.

கிள்ளான் ஆட்டக்காரன்

டீச்சர், இதை நான் பத்து வருடமாகக் கண்ணால் பார்த்திருக்கிறேன், காரணம் இன்றுதான் தெரிந்தது. எங்கள் மேசையில் பெரிய அடி உள்ள ஆட்டம் எதுவானாலும் பாதி நேரம் எல்லாரும் கேடயத்துக்குப் பின்னால்தான் இருப்போம்.

கையில் எத்தனை அட்டை? 5 வைத்து 2 போட்டு 2 எடுப்பது சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது. ஐந்தும் ஒரே வகையாக வந்துவிட்டால் காட்டிவிட்டு மாற்றிக்கொள்ளலாம். நூறு கைக்கு மூன்று கைதான் அப்படி வரும். போட்ட அட்டைகள் எல்லாரும் பார்க்கத் திறந்தே கிடக்கட்டும். பத்துப் பிடியில் எட்டு போய்விட்டது என்று எண்ணி வைத்தவர் தைரியமாகத் தடுப்பைப் போடுவார். பெரிய பிள்ளைகளுக்கு அது பிடிக்கும், சின்னவர்கள் எண்ணாமலும் ஆடலாம்.

நூலக அண்ணி

இடையில் வருவதற்கு மன்னியுங்கள். விதியெல்லாம் நன்றாக இருக்கிறது. அட்டையில் என்ன படம் வரையப்போகிறீர்கள்? எங்கள் ஊரில் பையன்களிடம் சண்டைப் படம் வரையச் சொன்னால் முதலில் வருவது பாராங் கத்தி. பாராங் வெட்டில் ஒரு பிள்ளையை நாங்கள் பறிகொடுத்திருக்கிறோம், அவன் எங்கள் நூலகத்தில் உட்கார்ந்து படித்தவன். சண்டை ஆட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை, பிள்ளைகளுக்கு மோதிப் பார்க்க வேண்டும்தான். கத்தி பிடித்த மனிதர்கள் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சிப்புட்காரி

அண்ணி, முதல் பதிப்பில் பாராங் இருந்தது. நானும் யோசிக்காமல் விட்டுவிட்டேன். நேற்றே எடுத்துவிட்டேன். பிள்ளைகளிடம் மனிதர் இல்லாமல் யார் சண்டை போடலாம் என்று கேட்டதற்குப் பதில் நொடியில் வந்தது: "செம்பனைக் காட்டுல இருக்கிறதெல்லாம்!" பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் திரிகிற எலி, ஆந்தை, நாகம், காட்டுப்பன்றி, உடும்பு. எலி செம்பனைப் பழத்தைத் தின்னும், அந்த எலிக்காகத்தான் தோட்டத்தில் ஆந்தைக்குப் பெட்டி கட்டி வைக்கிறார்கள், நாகமும் எலியைத் தேடித்தான் வருகிறது. இது எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. ஐந்தாகிவிட்டது, ஆறாவதாக ஒன்று வேண்டும்.

கித்தாக்கொட்டை

அந்த ஆறாவது கேமரூன் வண்டா இருக்கட்டும். செம்பனைப் பூவுல மொய்க்குமே, சின்ன வண்டு. அது நம்ம ஊரு வண்டு இல்ல, 1981ல ஆப்பிரிக்காவுல கேமரூன்லேர்ந்து கொண்டாந்து விட்டது. அதுக்கு முன்னால பூவுக்குப் பூ மகரந்தத்தைத் தூவுனது மனுஷங்க. எங்க அக்கா அந்த வேலைக்குப் போயிருக்கு. முள்ளுக்குள்ள கையை விட்டுத் தூவணும், வீட்டுக்கு வந்து முழங்கையைக் காட்டும், கோடு கோடா கீறல். வண்டு வந்ததும் அந்த வேலை போச்சு. சண்டைக்காரப் பூச்சி இல்லதான், ஆனா இந்தக் காட்டை அது மாதிரி மாத்துனது வேற எதுவும் இல்ல.

கணக்கு டீச்சர்

விலங்குக்கு ஒரு சக்தி கொடுப்பதானால் ஒரே வரியில் எழுத முடிய வேண்டும், ஒரே ஒரு விதியை மட்டும் மாற்ற வேண்டும். நாகத்துக்கு "தடுப்பு ஜெயித்தால் 1க்குப் பதில் 2" என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். ஒரு மோதலுக்குச் சராசரி ஏழில் ஒரு கொட்டை லாபம். இரண்டு பக்கம், எட்டுச் சுற்று என்றால் 16 மோதல், இரண்டு கொட்டைக்குச் சற்று மேல். நாகத்தின் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் அடியைக் குறைத்துப் பிடியைக் கூட்டுவார்கள், பாம்பின் பக்கத்தில் எச்சரிக்கையாக இருப்பது போலவே. மற்ற விலங்குகளின் சக்தியும் ஓர் ஆட்டத்துக்கு ஒன்றிரண்டு கொட்டை அளவிலேயே நிற்கட்டும். எலியைப் பிடியால் வென்றால் 3க்குப் பதில் 2. ஆந்தை, திருப்புவதற்கு முன் பக்கத்து ஆளின் ஓர் அட்டையைப் பார்க்கலாம், ஆட்டத்தில் இரண்டு முறை. வண்டுக்கு, இரண்டு பக்கமும் எதையும் இழக்காத சுற்றில் பொதுக் குவியலிலிருந்து ஒரு கொட்டை. ஆந்தையையும் வண்டையும் காகிதத்தில் அளக்க முடியவில்லை, ஆடித்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் முதல் பத்து ஆட்டம் விலங்கே இல்லாமல் ஆடுங்கள். அடிப்படை ஆடுகிறதா என்று தெரியாமல் மேலே மேலே ஏற்றினால் எங்கே கோளாறு என்று பிடிபடாது.

போட்டோஸ்டேட்

நான் ஈப்போவில் அச்சுக் கடை வைத்திருக்கிறேன். 63க்கு 88 மில்லிமீட்டர் என்று வரைந்தால் ஒரு ஏ4 தாளில் ஒன்பது அட்டை அடங்கும். 60 அட்டையோடு ஆறு விலங்கும் சேர்த்து 66, எட்டுத் தாள். எட்டுத் தாளில் 72 இடம், மீதி ஆறிலும் "எது எதை வெல்லும், எத்தனை கொட்டை" என்று அச்சடித்து ஆளுக்கு ஒன்று கொடுங்கள். சின்னப் பிள்ளை ஒவ்வொரு முறையும் அக்காவைக் கேட்க வேண்டியதில்லை.

மணிலா அட்டை வேண்டாம், நாலு நாளில் முனை மடிந்துவிடும், மடிந்த அட்டை எது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். சாதாரணத் தாளில் அச்சடித்து, பழைய சீட்டுக்கட்டு அட்டையைப் பின்னால் வைத்து பிளாஸ்டிக் உறையில் செருகுங்கள். விதி மாறினால் தாளை மட்டும் மாற்றலாம். அடையாளத்தை இடது மேல் மூலையில் போடுங்கள், அட்டையை விசிறி போலப் பிடித்தால் அந்த மூலைதான் தெரியும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், சில பிள்ளைகளுக்குச் சிவப்பும் பச்சையும் பிரியாது. முஷ்டி, உள்ளங்கை, மடக்கிய விரல் என்று மூன்று கை வரையலாம்.

சிப்புட்காரி

ஞாயிறு ஆடிவிட்டோம். விலங்கு இல்லாமல், டீச்சர் சொன்ன அளவிலேயே. கித்தாக்கொட்டைக்கு அலைய வேண்டியிருந்தது, பக்கத்தில் எல்லாம் செம்பனை ஆகிவிட்டது. கடைசியில் ஒரு பாட்டி பழைய லயத்துக்குப் பின்னால் நாலு மரம் இருப்பதாகச் சொல்லி, பிள்ளைகள் ஒரு வாளி பொறுக்கி வந்தார்கள்.

ஐந்து ஆட்டம் ஆடினோம். முதலாவது 20 நிமிடம், ஐந்தாவது 11 நிமிடம். இடைவெளிகளில் அட்டை வைத்துவிட்டு எல்லாரும் சேர்ந்து "ஒன்... டூ... சோம்!" என்று கத்தித் திருப்புகிறார்கள், அது நான் எழுதிய விதியில் இல்லை. மூன்றாவது ஆட்டத்தில் அதே மூன்றாம் ஆண்டுப் பையன்தான் முதலில் விழுந்தான். அவன் முன்னால் ஒரு கொட்டைகூட இல்லை. ஆனால் முழங்காலுக்குப் பின்னால் பிடித்த கொட்டைகளைக் குவித்து வைத்திருந்தான். எண்ணினோம், 17. அவன் அண்ணனுக்கு 14. பையன் இரண்டு தரம் தானே திரும்ப எண்ணினான்.

இரண்டு பிரச்சினை கண்டோம். ஒன்று, பிடித்த கொட்டையை இப்படி மறைத்து வைத்தால் யார் முன்னால் என்று தெரியவில்லை. ஐயா சொன்னபடி எல்லாரும் பார்க்க முன்னால் ஒரு தட்டில் வைக்க வேண்டும் என்று விதியாக்கிவிட்டேன். இரண்டாவது, நாலு பேர் ஆடும்போது எதிரில் இருப்பவரோடு மோதவே முடிவதில்லை. அவர் முன்னால் போய்க்கொண்டிருந்தால் நான் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

நாலாம் டிவிஷன்

மூணு சுத்துக்கு ஒரு தடவை ரெண்டு பேர் இடம் மாறட்டும். யாருன்னு தேர்ந்தெடுக்க லாய் லாய் லி தம் போங் போடுங்க. கொட்டையும் கார்டும் கூடவே போகும்.

கணக்கு டீச்சர்

இடம் மாற்றம் நல்லது, ஆனால் கடைசியில் இருப்பவர் யாரோடு மாறுவது என்று அவரே சொல்லட்டும். விழப்போகிறவருக்குப் பக்கத்து ஆளை மாற்றிக்கொள்ளும் உரிமை கிடைக்கும். முன்னால் போகிறவருக்குப் பக்கத்திலேயே போய் உட்காரலாம்.

சிப்புட்காரி

டீச்சர் சொன்னதையே அடுத்த ஞாயிறு வைத்துப் பார்க்கிறேன். நாகம் அட்டையைத் தங்கை வரைந்துவிட்டாள், ஆந்தைக்குப் பெட்டியும் சேர்த்து வரைந்துகொண்டிருக்கிறாள். போட்டோஸ்டேட் அண்ணன், எட்டுத் தாள் சனிக்கிழமை ஈப்போ வரும்போது கொண்டு வருகிறேன், மதியம் கடை திறந்திருக்குமா?

போட்டோஸ்டேட்

மூன்று மணி வரை இருப்பேன். உறையும் எடுத்து வைக்கிறேன்.